நிலைப்புள்ளி வீடு

வீட்டுச் சுவரில் பித்தளை ஆணி அடித்த அன்றுதான் ஒரு பெரிய மனிதர் அவனுக்கு முதன்முதலாகக் கை கொடுத்தார். அவனுடையது கல் ஏற்றி ஏற்றிக் காய்த்துப்போன கை. ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரான அந்த மனிதர் அதைப் பிடித்த வேகத்திலேயே விட்டுவிட்டு, கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"இன்று முதல் இது வீடு அல்ல. இது நிலைப்புள்ளி. கடல் எவ்வளவு உள்ளே வருகிறது, எவ்வளவு வெளியே போகிறது என்பதை இனி உலகம் இந்த ஆணியிலிருந்துதான் அளக்கும். கடல் அசையலாம். மணல் அசையலாம். மக்கள் அசையலாம். இது அசையாது!"

தெரு கைதட்டியது. அவனும் தட்டினான்.

இயக்குநர் நடத்தும் இடத்துக்குக் கரையோர அழுத்த ஆய்வு நிறுவனம் என்று பெயர். இயற்கையும் மனிதரும் சேர்ந்து கடற்கரையை எப்படியெல்லாம் அழுத்துகிறார்கள் என்று புவியியல் படித்தவர்கள் ஆராய்வதற்காகத் திறந்தது. திறப்பு நாளில் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டுத் தெருக் கிழவர்கள் ரத்த அழுத்தம் பார்க்க வரிசையில் போய் நின்றார்கள். நிறுவனம் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. வரிசையைப் படம் எடுத்து, 'ஆய்வில் கரையோர மக்களின் பேரார்வம்' என்று வரவேற்பறையில் மாட்டிவைத்தது.

அந்த நிறுவனத்தின் ஜீப்பை ஓட்டுபவன் அவன் மச்சினன், மனைவியின் தம்பி. ஆணி அடிக்க உறுதியான சுவர் வேண்டும் என்று மேலே பேசிக்கொண்டதைக் கேட்டு, "எங்க அக்கா வீடு இருக்கு சார்" என்றது மச்சினன்தான். தெருவில் மற்றதெல்லாம் தகரமும் பலகையும். கற்சுவர் வீடு இது ஒன்றுதான். துறைமுக வேலையில் உடைந்து கழித்துப் போட்ட கல்லை மேஸ்திரியிடம் கெஞ்சி வாங்கி, வேலை முடிந்து வரும்போதெல்லாம் தலையில் தூக்கிவந்து அவன் கட்டியது. கல்யாணம் ஆகும்போது ஆரம்பித்த சுவர், மகள் பள்ளிக்கூடம் போகும்போதுதான் கூரையைத் தொட்டது.

மனைவிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

"காலண்டர் மாட்ட அடிச்ச ஆணிக்கே காரை பேந்து விழுந்துச்சு. இவ்ளோ பெரிய ஆணியா?"

ஆய்வாளர் மேடம் அவள் தோளில் கை போட்டார். "அக்கா, இது சும்மா ஆணி இல்ல. இது இருக்கிற வீட்டை நாங்க விட்டுருவோமா? உங்க வீடு போச்சுன்னா எங்க ஆராய்ச்சியே போச்சு."

அந்த ஒரு வாக்கியத்தை அவன் பட்டா மாதிரி பத்திரப்படுத்திக்கொண்டான்.

மேடம் நல்லவராகத்தான் இருந்தார். அளக்க வரும்போதெல்லாம் நாடாவின் ஒரு முனையை ஆணியில் மாட்டிவிட்டு, மறு முனையை ஈர மணல் வரைக்கும் இழுத்துப் போவார். திரும்பி வந்து இவர்கள் தண்ணீரில் கால் கழுவி, இவர்கள் டம்ளரில் டீ குடிப்பார். மகளுக்குத் தலை பின்னிவிடுவார். அவனை "அண்ணா" என்பார். வேலை இல்லாத நாளில் அவன் இடுப்பளவு தண்ணீரில் அவருக்காக ஆழம் அளக்கும் கம்பைப் பிடித்து நின்றான். தெருவில் அவனுக்குப் 'புள்ளி' என்று பட்டப்பெயர் விழுந்தது. "என்னப்பா பெரும்புள்ளி, கடலு இன்னிக்கு எங்க இருக்கு?" என்று டீக்கடையில் கேட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டே, "நம்ம மேடத்தைக் கேட்டுச் சொல்றேன்" என்பான்.

நாடா மட்டும் வரவரக் குறைவாகத்தான் இழுபட்டது.

அந்தப் பக்கம் துறைமுகத்துக்குக் கல் கொட்டிக் கட்டிய அலைத்தடுப்பு நீளநீள, இந்தப் பக்கம் மணல் கரைந்தது. அங்கே கடலுக்குள் கொட்டும் கல்லை லாரியில் ஏற்றுவதுதான் அவன் வேலை. காலையில் போய்க் கல் ஏற்றுவான். சாயங்காலம் வந்து வாசலில் கடல் எங்கே நிற்கிறது என்று பார்ப்பான்.

ஒரு மழைக்காலத்தில் பின்பக்கம் குளிக்கும் மறைப்பை அலை கொண்டுபோனது. அவன் நிறுவனத்துக்குப் போனான். அங்கே இரண்டு பிரிவுகள் எதிரெதிரே இருந்தன. இடது பக்கம் இயற்கை அழுத்தப் பிரிவு. வலது பக்கம் மனித அழுத்தப் பிரிவு. நடுவில் தண்ணீர் வைத்த மேசை. ஒரு பிரிவின் டம்ளரில் இன்னொரு பிரிவு குடிக்காது.

இயற்கைக்காரர் கேட்டார். "மறைப்பை எடுத்தது எந்த அலை?"

"பெரிய அலை சார்."

"அது தெரியுது. காத்தடிச்சு வந்த அலையா, காத்தில்லாம வந்த அலையா?"

"காத்து கொஞ்சம் இருந்துச்சு சார்."

"கொஞ்சம்னா எங்களுது இல்ல. துறைமுகம் கட்டுனதால வந்திருக்கும். எதுத்தாப்புல போங்க."

எதிரே மனிதக்காரர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். "கரெக்ட். இது மனித அழுத்தம்தான். கல்லு கொட்டுனதால வந்த வினை. அந்தக் கல்லை ஏத்துனது யாருன்னு தெரியுமா?"

"தெரியும் சார். நான்தான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ நீங்க புகார் குடுக்க வந்தவரா, புகாருக்கே காரணமானவரா?"

"நான் கூலிக்கு ஏத்துறேன் சார்."

"கடலுக்குக் கூலி, சம்பளமெல்லாம் தெரியாதுங்க. எங்க வகைப்பாட்டுல காலையில நீங்க அழுத்துறவர். சாயங்காலம் அழுத்தப்படுறவர். ஒரே ஆளு ரெண்டு பக்கமும் வந்தா கணக்கு இடிக்கும். நீங்களே பாத்து ஏதாவது ஒரு பக்கம் வந்துருங்க."

கடைசியில் இரண்டு பிரிவும் சேர்ந்து ஓர் அலைக்குழு அமைத்தன. குழு வந்து மறைப்பு இருந்த இடத்தைப் பார்த்தது. அதே அலையை இன்னொரு முறை பார்த்தால்தான் முடிவுக்கு வரமுடியும் என்று சொல்லி, கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது.

மறு வருடம் தெருவையே மேட்டுக்கு மாற்றுவதாக அறிவிப்பு வந்தது. கடலுக்கு எட்டாத தூரத்தில் வரிசை வீடு, குழாய்த் தண்ணீர், வாசலில் விளக்கு. ஆபத்தில் இருக்கும் வீடு எது எது என்று முடிவு செய்யும் பொறுப்பு நிறுவனத்துக்கு. பெயர் வாசித்தார்கள். பக்கத்து வீடு இருந்தது. எதிர் வீடு இருந்தது. ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்த வீடுகூட இருந்தது. தெருவிலேயே கடலுக்கு முன்னால் நிற்கும் இவன் வீடு இல்லை.

"விட்டுப்போயிருக்கும்" என்றான் அவன்.

"உங்களைத்தான் எல்லாருக்கும் தெரியுமே. எப்படி விட்டுப்போகும்?" என்றாள் மனைவி.

இயக்குநர் அவனை உடனே உள்ளே கூப்பிட்டார். அறையில் குளிர்ந்த காற்று. மேசை நிறைய வேறு வேறு கடற்கரைகளின் மணல், சின்னச் சின்னக் கண்ணாடிச் சீசாக்களில்.

"உங்க வீட்டுக்கு ஆபத்து இல்லையே!" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

"சார், அடுப்படிக்குள்ள தண்ணி வருது."

"வரட்டும். ஆபத்துன்னா என்ன? நிலைப்புள்ளிக்கும் கடலுக்கும் இடையில இருக்கிற தூரம் குறையுறது. அந்த இடைவெளியில யார் இருக்காங்களோ அவங்களுக்கு ஆபத்து. நீங்க இடைவெளியில இல்ல. நீங்கதான் புள்ளி. புள்ளிக்கு எப்படிப்பா ஆபத்து வரும்?"

அவன் யோசித்துப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"சார், அப்போ ஆணியைக் கழட்டிட்டு எங்களை மேட்டுக்கு அனுப்புங்க. ஆணியை வேற எங்கயாவது அடிச்சுக்கலாம்."

இயக்குநர் எழுந்தே விட்டார். "ஆணியை நகத்துறதா? அந்த ஆணியை நம்பி எத்தனை பேர் டாக்டர் பட்டம் வாங்கியிருக்காங்க தெரியுமா? நீங்க ஒரு அடி நகந்தா அவங்க வாங்குனதெல்லாம் தப்பாயிடும். வீடு முங்கலாம்பா. அது சோகம். நானே வந்து வருத்தப்படுவேன். தரவு முங்கக்கூடாது!"

வெளியே நடைபாதையில் மேடம் அவனைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "அண்ணா, அவர் அப்படித்தான். நான் இருக்கேன்ல? பெரிய மாநாடு வருது. வெளிநாட்டுல இருந்தெல்லாம் வராங்க. உங்களை மேடையில ஏத்துறேன். உங்க வாயாலயே கேளுங்க. அத்தனை பேர் முன்னாடி யாராலயும் இல்லைன்னு சொல்ல முடியாது."

அவன் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான். மேடம் மேல் அவளுக்கும் நம்பிக்கை இருந்தது. சட்டையைத் துவைத்து, மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

மாநாடு கடலைப் பார்த்த ஒரு பெரிய ஓட்டலில் நடந்தது. கடல் பக்கம் முழுக்கக் கண்ணாடி. திரையில் கடல் படம் சரியாகத் தெரியவில்லை என்று அந்தக் கண்ணாடிக்கெல்லாம் திரைச்சீலையை இழுத்து மூடியிருந்தார்கள். "கரை என்பது ஓர் இடம் அல்ல, அது ஒரு கருத்து" என்றார் ஒருவர். "கருத்தும் அல்ல, அது ஒரு கேள்வி" என்றார் அடுத்தவர். கேள்வி மேல் கேள்வி விழுந்து, நடுவில் பிஸ்கட் வந்தது. பிறகு 'கரையின் குரல்' என்று அறிவித்தார்கள். மேடம் அவன் முதுகில் தட்டி மேடைக்கு அனுப்பினார். அவன் சொல்லச் சொல்ல அவரே பக்கத்தில் நின்று அவர்கள் மொழியில் சொல்லுவதாக ஏற்பாடு.

அவன் நேற்றிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்ததை அப்படியே சொன்னான். "ஐயா, அம்மா, எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுக்குள்ள கடல் வந்துருச்சு. என் பொண்ணு ஈரத் தரையில படுக்குறா. தெருவுல எல்லாருக்கும் மேட்டுல வீடு குடுத்தாங்க. எங்களுக்கும் ஒண்ணு குடுங்க. வேற எதுவும் வேணாம்."

மேடம் அதைச் சொன்னார். அவன் சொன்னதைவிட நிறைய நேரம் சொன்னார். நடுவில் ஒருமுறை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் ஒரு வெளிநாட்டு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து அவன் கையைப் பிடித்தார். இயக்குநரைப் போல உடனே விடவில்லை. வீடு கிடைத்துவிட்டது என்று அவன் நினைத்தான்.

திரும்பி வரும்போது ஜீப்பில் மச்சினன் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான். வெளிநாட்டுக்காரர்களை ஏற்றி இறக்கி, அவன் அவர்கள் மொழியைப் பேசாவிட்டாலும் புரிந்துகொள்வான்.

"கலக்கிட்டீங்க மாமா! உசுரே போனாலும் இந்த மண்ணை விட்டு ஒரு அடி நகர மாட்டேன்னீங்களாமே!"

"யாரு சொன்னா?"

"நீங்கதான். மேடம் சொன்னாங்கள்ல. ஆராய்ச்சிக்காக எங்க குடும்பமே இங்க காவல் இருக்கும், மேட்டு வீட்டைக் குடுத்தாங்க, வேணாம்னுட்டேன்னு. அந்த அம்மா அழுதுருச்சே!"

அவன் மச்சினன் பக்கம் திரும்பினான். "நீ அங்கதானடா நின்னே. கதவுகிட்ட."

"ஆமா."

"அப்படிச் சொல்லலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா."

மச்சினன் சிரிப்பை நிறுத்தினான். கியர் மாற்றினான். "மாமா, என்னை நிரந்தரம் பண்ணப் போறாங்க. செவுரு காட்டுனப்பவே வாய்வார்த்தை குடுத்தாங்க. இப்பதான் கையெழுத்துக்குப் போயிருக்கு. அக்காகிட்ட சொல்லாதீங்க."

அவன் சொல்லவில்லை. வீட்டு வாசலில் அவன் இறங்கிய விதத்திலேயே அவள் தெரிந்துகொண்டாள்.

மறுநாள் மேட்டு வீடுகளைப் பங்கு பிரிக்கும் அதிகாரியிடம் அவளும் கூடவே போனாள். அவர் மரியாதையாக எழுந்து நின்றார்.

"நீங்கதான அந்த மேடையில பேசினவர்? உங்களை மாதிரி ஆளுங்கதான் நாட்டுக்கு வேணும். நீங்க வேணாம்னதால மிச்சமிருந்த வீட்டையும் வேற குடும்பத்துக்கு ஒதுக்கிட்டோம்."

"சார், நான் அப்படிப் பேசவே இல்ல."

"வீடியோ இருக்குங்க. கைதட்டலோட இருக்கு. கைதட்டுனதுக்கு அப்புறம் எப்படி மாத்த முடியும்?"

மேடம் அந்த வாரம் அளக்க வந்தார். மனைவி டீ போடவில்லை. மேடம் டம்ளருக்காகக் கையை நீட்டிப் பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டார்.

"ஏன் மேடம் அப்படிச் சொன்னீங்க?" என்று அவன் கேட்டான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கம்பு பிடிக்கும்போது ஆழம் கேட்பானே, அப்படித்தான் கேட்டான்.

"அண்ணா, வார்த்தைக்கு வார்த்தை மாத்துனா அது மொழிபெயர்ப்பு இல்ல. நான் உங்க உணர்வைச் சொன்னேன். இந்த மண்ணு மேல உங்களுக்கு இருக்கிற பாசம் உங்களுக்கே தெரியாது. எனக்குத் தெரியும். எத்தனை தடவை உங்க வீட்டுல டீ குடிச்சிருக்கேன்!"

"வீடு கேட்டேன் மேடம்."

"கேட்டீங்கதான். ஆனா நீங்க போயிட்டா என் தொடர் அளவு அறுந்துரும். இன்னும் ஒரே ஒரு கட்டுரை அண்ணா. அதுக்கப்புறம் நானே உங்களுக்காகப் போராடுவேன்." நாடாவை ஆணியில் மாட்டினார். மறு முனையை இழுத்துக்கொண்டு போக வேண்டிய தேவையே இருக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே எட்டிவிட்டது.

காற்று திரும்பிய மாதத்தில் அடுப்படிச் சுவர் விழுந்தது. தெருவில் யாரும் இல்லை. எல்லாரும் மேட்டில் இருந்தார்கள். விடிந்ததும் கல் லாரிகள் அவன் வீட்டை நோக்கி வந்தன. முன்னால் மச்சினன் ஜீப். மேஸ்திரி இறங்கி, "உன் வீட்டுக்குத்தான்யா தடுப்பு போடச் சொல்லிருக்காங்க. நீயே வந்து கல்லை இறக்கச் சங்கிலி மாட்டு" என்றான்.

அவனுக்கு நம்ப முடியவில்லை. மனைவி மூன்று கல்லைக் கூட்டி வாசலில் அடுப்பு மூட்டி, வந்தவர்களுக்கெல்லாம் டீ கொடுத்தாள். மேடத்துக்கும் கொடுத்தாள். "மேடம் நமக்காகப் பேசியிருக்காங்க போல" என்று அவனிடம் ரகசியமாகச் சொன்னாள். அவன் தன் வீட்டுக்கான கல்லுக்குத் தானே சங்கிலி மாட்டினான். கூலிக்கு ஏற்றியபோது இல்லாத வேகம் அன்றைக்குக் கையில் இருந்தது. உள்ளங்கை கிழிந்ததைச் சாயங்காலம்தான் பார்த்தான்.

மறுநாள் ஒருவர் வந்து, கல் எங்கே அடுக்க வேண்டும் என்று சுண்ணாம்பில் ஒரு வட்டம் போட்டார். வட்டம் ஆணி அடித்த சுவரைச் சுற்றி வந்து, வீட்டுக்கு நடுவே புகுந்து, மகள் படுக்கும் இடத்தைத் தாண்டி மூடியது. சுவர் உள்ளே. மிச்ச வீடு வெளியே.

"கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது?" என்று அவன் கேட்டான்.

"அது ஆய்வு எல்லைக்கு வெளியில. இடிச்சுட்டுத்தான் கல்லு அடுக்கணும்."

"நாங்க எங்க இருக்கிறது?"

அதற்கு இயக்குநரே பதில் சொன்னார். "உள்ளே யாரும் இருக்கக்கூடாது. ஆள் நடமாட்டம் மனித அழுத்தம். இத்தனை வருஷம் நீங்க ஆணிக்குப் பக்கத்துல தூங்கினதையே நாங்க பெரிய மனசு பண்ணி விட்டிருக்கோம்." பிறகு காமிராவைப் பார்த்துத் திரும்பினார். "இயற்கையும் மனிதனும் கைகோத்து அழுத்திய இந்தக் கரையில், இன்றும் ஒன்றே ஒன்று அசையாமல் நிற்கிறது. நமது ஆணி!"

கடப்பாரை போட்டார்கள். அவன் கட்டிய சுவர் சுலபத்தில் விழவில்லை. மேஸ்திரி திட்டிக்கொண்டே, "எவன்யா கட்டுனது இதை?" என்று கேட்டான். இடித்த இடத்தில் சுண்ணாம்புக் கோட்டின் மேல் கல் வளையம் எழுந்தது.

மூட்டையும் பாத்திரமும் ரோட்டோரத்துக்கு வந்தன. கல் குடோனில் தார்ப்பாய் போட்ட ஒரு மூலையைக் கொஞ்ச நாளைக்கு மேஸ்திரி தருவதாகச் சொல்லியிருந்தான். மச்சினனுக்கு நிறுவனத்தில் குடியிருப்பு கொடுத்திருந்தார்கள். ஆனால் அதில் விருந்தாளிகளுக்கு அனுமதி இல்லை என்று யாரும் கேட்காமலே அவனே சொன்னான்.

"நான் விருந்தாளியாடா?" என்றாள் அக்கா.

"சட்டம் அப்படிக்கா."

"உனக்குச் சோறு போடும்போது எந்தச் சட்டத்தைடா பாத்தேன்?"

மச்சினன் ஜீப் கண்ணாடியைத் துடைக்கப் போனான்.

மகள் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். அப்போது மேடம் மணலில் கால் புதைய ஓடிவந்தார். அவர்களை வழியனுப்பத்தான் வருகிறார் என்று ஒரு நிமிடம் தோன்றியது.

"அண்ணா, ஒரே ஒரு உதவி. போறதுக்கு முன்னாடி அந்தச் சுவர் பக்கத்துல கொஞ்சம் நில்லுங்களேன். படத்துல ஆள் இருந்தாத்தான் சுவரு எவ்ளோ உயரம்னு பாக்குறவங்களுக்குத் தெரியும். எங்க துறையில அது ஒரு வழக்கம். எப்பவும் அளவுக்கு ஒரு ஆளை நிறுத்துவோம்."

அவன் மேடத்தைப் பார்த்தான். பிறகு கல் வளையத்துக்குள் தனியாக நிற்கும் சுவரைப் பார்த்தான். வீட்டுக்குள் இருந்த பக்கம் இப்போது வெளியே தெரிந்தது. அடுப்புப் புகை கறுப்பாக ஏறியிருந்தது. அவன் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

"அண்ணா, வெளிச்சம் போயிடும். சும்மா நிமிர்ந்து நின்னாப் போதும்."

அவன் எழுந்திருக்கவில்லை. மேடம் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு ஜீப் பக்கம் திரும்பிக் கை தட்டினார். மச்சினன் துணியைப் போட்டுவிட்டு ஓடினான். கல்லைத் தாண்டி ஏறி, சட்டையை இழுத்துவிட்டு, சுவரோடு சுவராக விறைத்து நின்றான். "கொஞ்சம் சோகமா" என்று மேடம் சொல்வது கேட்டது. அவன் சோகமாக நின்றான்.

மூட்டைப் பக்கத்தில் இருந்தவன் மச்சினனையும் சுவரையும் மாறி மாறிப் பார்ப்பதை மனைவி கவனித்தாள். "என்னங்க அப்படிப் பாக்குறீங்க?"

"உன் தம்பி என்னைவிட ஒரு சாண் குட்டை. படத்துல செவுரு இருக்கிறதைவிடப் பெருசாத் தெரியும்."

"போய்ச் சொல்லுங்களேன், தப்பா அளக்கப் போறாங்க."

அவன் பெரிய மூட்டையைத் தலைக்குத் தூக்கினான். மகளை எழுப்பிவிட்டான்.

"சொன்னா மறுபடியும் என்னைத்தான் நிக்கச் சொல்லுவாங்க. நட."